இரண்டு விடைத்தாள்களில் ஒரே மாமி

பரீட்சை மண்டபத்துக்கு மேற்பார்வையாளர்களாகப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

முருகன் அருளால் நலமாக இருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று மூன்று பேரும் தேநீர்க் கோப்பையோடு என்னைச் சூழ்ந்துகொண்டு, "அண்ணை, இவ்வளவு காலம் மண்டபத்திலை நிண்டிருக்கிறியள், எங்களுக்கு ஏதும் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்று கேட்டீர்கள். அப்போது வாய் நிறையக் கேக். அதோடு நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சும் வராது. அதனால் வீட்டில் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

கைத்தொலைபேசிகளை வாங்கி உறையில் போடுவது, அடையாள அட்டை பார்ப்பது, நேரம் அறிவிப்பது எல்லாம் உங்களுக்குத் தந்த கையேட்டில் இருக்கிறது. அவற்றைத் திருப்பி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். நான் செய்த ஒரு பிழையை மட்டும் எழுதுகிறேன். அது என் பிழை. அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

அதற்கு முன் என்னைப் பற்றி நாலு வரி. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஊரில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வருஷம் எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமாக இருந்தது. கனடாவில் மொன்றியலுக்கு வந்து டவுன்டவுனில் ஓர் உணவகக் குசினியில் நெடுங்காலம் கோப்பை கழுவினேன். வகுப்புக்குப் போக நேரமில்லாதபடியால் பாடப் புத்தகங்களை வாங்கி மெற்றோவில் படித்து, நாற்பது வயதுக்குப் பிறகு இங்கத்தைய உயர்பள்ளிச் சான்றிதழுக்கான பரீட்சைகளைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினேன். பிரெஞ்சில் இரண்டு தரம் விழுந்தேன். முதல்தரம் எட்டுக் கட்டுரைகளை மனப்பாடமாக்கிக்கொண்டு போனேன். எட்டில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தரம் பதினைந்து பாடமாக்கினேன். அதிலும் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் தரம் குசினியில் ஆள் குறைவு, பாடமாக்க நேரமே கிடைக்கவில்லை. வெறுங்கையோடு போய், தெரிந்ததை எழுதி, மட்டுமட்டாகத் தேறினேன். சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் இந்த மண்டபத்து வேலை கிடைத்தது.

நான் வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம், ஐப்பசி மாதம். வளர்ந்தோருக்கான பிரெஞ்சுப் பரீட்சை. அன்று மண்டபத்தில் இருபத்தாறு பேர். எல்லோரும் வீட்டில் தாங்களாகவே படித்து எழுத வந்தவர்கள். அவர்களில் இரண்டு பேர் எங்கள் ஆட்கள்.

ஒருவர் சுகந்தி. நாற்பது வயது இருக்கும். ரொக்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அறை துடைக்கப் போகும்போது வயதானவர்கள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, தூக்கி இருத்தச் சொல்லிக் கேட்பார்களாம். தூக்க இவருக்கு அனுமதி இல்லை. அதற்குப் பராமரிப்பாளர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் இவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. பிரெஞ்சுப் பரீட்சையில் தேறிய பத்திரத்தைக் குறித்த திகதிக்குள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஏற்கெனவே ஒருமுறை அப்படிப் போயிருந்தது. இதையெல்லாம் கோயிலில் அன்னதானத்துக்கு வாழையிலை துடைக்கும்போது என் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

மற்றவள் தர்சினி. இருபத்துநாலு வயது. வில்லரேப் பக்கம் சுகந்தி குடியிருக்கிற அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தாள். கெட்டிக்காரி. பிரெஞ்சு அவளுக்கு வாயில் தண்ணீர் மாதிரி ஓடும்.

பரீட்சை தொடங்கிக் கால்மணித்தியாலம் ஆகியிருக்கும். சுகந்தி கையை உயர்த்தினார். அவரைக் கடைசி வரிசையில், யன்னல் கரையோரம் இருத்தியிருந்தார்கள். நான் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"அண்ணை, இந்த யன்னலாலை குளிர் அடிக்குது. கை விறைச்சுப்போச்சு. பேனையைப் பிடிக்கேலாமல் கிடக்கு."

கட்டடத்தில் சூடு இன்னும் போடத் தொடங்கவில்லை. அவர் விரல்களைப் பார்த்தேன். நகம் எல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. சுற்றிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது ஒரே ஒரு மேசை. சுவரோரம், இரண்டாம் வரிசையில்.

"அதிலை போய் இரம்மா" என்றேன்.

அந்த மேசைக்கு நேர் முன்னால் இருந்தவள் தர்சினி.

யார் எங்கே இருக்கிறார்கள் என்ற வரைபடம் முன்மேசையில் கிடந்தது. பேனையும் அதன் மேல்தான். நான் அதை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது முன்வரிசையில் ஒருவர், ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்கிற "மிசியே" என்று ஈனமாகக் கூப்பிட்டார். மூக்கால் இரத்தம் கொட்டி விடைத்தாள் சிவந்துவிட்டது. ஓடிப்போய்க் கடதாசிக் கைக்குட்டை கொடுத்து, தலையைக் குனிய வைத்து, புதுத் தாள் கொடுத்து, பழையதை உறையில் போட்டு முத்திரையிட்டு, எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன். மூக்கு இரத்தத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். சுகந்தியை இடம் மாற்றியதை எழுதவில்லை. மறந்துபோனேன்.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, பரீட்சைப் பொறுப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கியூபெக் பெண்மணி, நாங்கள் மதாம் என்றே கூப்பிடுவோம். கடுமையானவர், ஆனால் ஒருவரையும் குரல் உயர்த்திப் பேசியதை நான் கேட்டதில்லை. மேசையில் இரண்டு விடைத்தாள்கள் பக்கம் பக்கமாகக் கிடந்தன.

"வாசியுங்கள், மிசியே."

நகரத்தில் பேருந்து போதுமா என்பதுதான் தலைப்பு. முதல் தாளில், ஷேர்புரூக்கில் இருக்கும் என் மாமி பேருந்துக்குக் காத்திருந்தபோது பனியில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார் என்று இருந்தது. இரண்டாவது தாளிலும் ஷேர்புரூக்கில் ஒரு மாமி. அவரும் சறுக்கி விழுந்தார். அவருக்கும் இடது மணிக்கட்டு. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு சொல் மாறவில்லை.

மாமியைக் கண்டதுமே விளங்கிவிட்டது. இது பாடமாக்கிய கட்டுரை. எங்கள் ஆட்களுக்குப் பாடமாக்குவது மூச்சு விடுகிற மாதிரி. தேவாரத்தை அப்படித்தான் படித்தோம், வாய்ப்பாட்டையும் அப்படித்தான். சேர்ந்திருந்து படித்த இரண்டு பேர் ஒரே கட்டுரையை ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

மதாம் வரைபடத்தை எடுத்து வைத்தார். "இரண்டு பேருக்கும் ஒரே விலாசம். அதனால்தான் நானே பார்த்து இவர்களைத் தூரத்தூர இருத்தினேன். இதோ, பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. ஒருவர் பின்னால் யன்னல் கரை, மற்றவர் முன்னால் சுவர்க்கரை. எவருடைய கண்ணும் அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே பார்த்து எழுதவில்லை. சேர்ந்து படித்து ஒரே பாடத்தை எழுதியிருக்கிறார்கள். எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டு மதிப்பெண்ணை அப்படியே விடலாம். இரண்டு பேரும் தேறியிருக்கிறார்கள். வரைபடம் சரி என்று நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் இந்த விசாரணைக் கோவையை மூடிவிடுவேன்."

பேனையை என் பக்கம் தள்ளினார்.

பிள்ளைகளே, அந்தப் பேனையை நான் எடுத்தேன். பொய் சொல்லமாட்டேன், எடுத்துக் கையில் பிடித்தேன். மனம் நல்ல வழக்கறிஞர் மாதிரி வாதாடத் தொடங்கியது. சுகந்தி பார்த்து எழுதவில்லை, அது உனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டால் உண்மைதானே நிலைக்கும்? வாயைத் திறந்தால் ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்க்கை போகும், உன் வேலையும் போகும். முருகா, என்ன செய்ய என்று நினைத்தேன். அசரீரி ஒன்றும் கேட்கவில்லை. சுவர் மணிக்கூட்டின் சத்தம்தான் கேட்டது.

பிறகு ஒன்று உறைத்தது. சுகந்தி பார்த்து எழுதவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் எனக்கு அது தெரியுமா? மூக்கு இரத்தக்காரரோடு பத்து நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன் நான். அந்தப் பத்து நிமிடத்தில் சுகந்தியின் கண் எங்கே போனது என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்டதற்குச் சாட்சி சொல்லத்தான் எனக்குச் சம்பளம். நம்புகிறதற்குச் சாட்சி சொல்ல என்னை ஒருவரும் வேலைக்கு வைக்கவில்லை.

பேனையை வைத்தேன். "மதாம், வரைபடம் பிழை. பின்னால் இருந்தவரை நான் இடம் மாற்றினேன். குளிர் என்று சொன்னார். எழுத மறந்துவிட்டேன்."

"எந்த மேசைக்கு?"

விரலால் காட்டினேன்.

மதாம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வரைபடத்தில் இரண்டு மேசையிலும் விரலை வைத்துப் பார்த்தார். "நேர் பின்னால்" என்றார்.

"ஓம், மதாம்."

"இப்போது என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். எங்கள் நிலையத்து விதிப்படி பார்த்து எழுதியவருக்குப் பூச்சியம். அதோடு ஒரு வருஷம் அந்தப் பரீட்சையை எழுத விடமாட்டார்கள். பின்னால் இருந்தவர்தான் பார்த்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"நாளை காலை இரண்டு பேரையும் கூப்பிடுகிறேன். நீங்களும் வரவேண்டும். நான் கேட்டால் மட்டும் பேசுங்கள்."

அன்று பின்னேரம் வீட்டில் விளக்கேற்றிவிட்டு மனைவியிடம் சொன்னேன். நல்லதாக ஒரு சொல் சொல்வார் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது, ஒளிப்பானேன். அவர் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினார்.

"நீங்கள் உண்மையைச் சொன்னதுக்குச் சாமி உங்கடை கணக்கிலை புண்ணியம் போடும். சரி. மறந்தது நீங்கள். அதுக்கு அந்தப் பிள்ளையின்ரை கணக்கிலை என்னத்தைப் போடும்?"

அன்று சோற்றை மூடிவைத்துவிட்டுப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சுகந்தி வேலை உடுப்போடேயே வந்தார். தர்சினியை அடுத்த அறையில் இன்னொரு மேற்பார்வையாளரோடு இருத்திவிட்டு, மதாம் முதலில் சுகந்தியைத்தான் கேட்டார்.

"ஷேர்புரூக்கில் உங்களுக்கு மாமி இருக்கிறாரா?"

சுகந்தி என்னைப் பார்த்தார். பிறகு மதாமைப் பார்த்தார். "இல்லை" என்றார் பிரெஞ்சில்.

"அப்படியானால் விழுந்தது யார்?"

"ஒருவரும் விழவில்லை, மதாம்."

மதாம் இரண்டு தாள்களையும் காட்டினார். வரைபடத்தில் தான் புதிதாகப் போட்டிருந்த சிவப்பு அம்புக்குறியையும் காட்டினார். சுகந்தியின் முகம் வெளிறியது. பிரெஞ்சு நாக்கில் தடக்கத் தொடங்கிவிட்டது. என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"அண்ணை, நான் இடம் மாறினதை ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான்."

"பேப்பரிலை இருந்ததோ?"

"இல்லை."

"பேப்பரிலை இல்லாததை ஏன் அண்ணை சொன்னனீங்கள்? நான் உங்களுக்கு என்ன செய்தனான்? குளிருது எண்டுதானே கேட்டனான். அவளுக்குப் பின்னாலை இருத்துங்கோ எண்டு கேட்டனானோ?"

"இல்லைப் பிள்ளை."

"கள்ளி எண்டு எழுதப்போகினம். அங்கை வேலை செய்யிற இடத்திலையும் தெரியவரும். கோயிலிலையும் தெரியவரும். இனி நான் எந்த முகத்தோடை..."

மதாம் குறுக்கிட்டார். "என்ன சொல்கிறார்?"

"நான் ஏன் உண்மையைச் சொன்னேன் என்று கேட்கிறார், மதாம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"இன்னும் ஒன்றும் சொல்லவில்லை."

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடைந்த பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இரண்டு பேரும் படித்தார்களாம். தர்சினி பன்னிரண்டு தலைப்புக்குப் பன்னிரண்டு கட்டுரை எழுதினாளாம். சொந்த வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டினால் மதிப்பெண் கூடும் என்று மாமியைப் படைத்தவளும் அவள்தானாம். இயந்திரம் ஒரு தோய்ப்பு முடிப்பதற்குள் ஒரு கட்டுரையை ஒப்பித்து முடிக்க வேண்டும் என்பது இவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி. பராமரிப்பாளர் பயிற்சி இடத்தையும் பத்திரம் கொடுக்க வேண்டிய திகதியையும் சொன்னார்.

மதாம் கேட்டுக்கொண்டிருந்தார். "பிடிபட்ட எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பேசாதே என்று சொல்லித்தான் என்னை அங்கே வரச் சொல்லியிருந்தார். ஆனாலும் பேசினேன். "மதாம், பன்னிரண்டில் பதினொன்று பாக்கி இருக்கிறது. அதில் ஒன்றை நீங்களே தெரிவுசெய்து, இரண்டு பேரையும் இரண்டு அறையில் இருத்தி எழுதச் சொல்லிப் பாருங்கள்."

என்னைக் கூர்ந்து பார்த்தார். எழுந்துபோய் அடுத்த அறைக் கதவைத் திறந்து ஏதோ கேட்டு வந்தார். தலைப்புகளின் பட்டியலை வாங்கியிருக்க வேண்டும். "கடை உணவு உடலுக்கு நல்லதா? இருபது நிமிடம்" என்று சொல்லிச் சுகந்திக்கு முன் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

சுகந்தி பேனையை எடுத்தார். தாளில் வைத்தார். அது நகரவில்லை.

ஐந்து நிமிடம் போயிற்று. பேனை அதே இடத்தில் நின்று ஒரு மைப்பொட்டு ஊறியது. எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு தரம் எனக்கும் நடந்ததுதான். பாடமாக்கினவனுக்கு முதல் வரி வராவிட்டால் ஒன்றுமே வராது. நூலின் நுனி கையில் அகப்படாத மாதிரி. உள்ளே முழுவதும் இருக்கும், இழுக்க முடியாது. பயந்தால் இன்னும் உள்ளுக்குள் போய்விடும்.

தமிழில் ஒரு சொல் சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றியது. பயப்படாதேயம்மா என்று. ஆறுதல் சொல்தானே. ஆனால் மதாமுக்குத் தமிழ் தெரியாது. நான் எதைச் சொன்னாலும் முதல் வரியைச் சொல்லிக்கொடுத்ததாகத்தான் போகும். வந்த நியாயமும் என் வாயால் கெட்டுப்போகும். முகத்தில்கூட ஒன்றும் தெரியக்கூடாது என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் சஷ்டி கவசம் ஓடியது. எனக்கே அன்று பாதியில் வரி தவறியது.

பன்னிரண்டு நிமிடம்.

சுகந்தி கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மதாமும் அப்படி நினைத்துக் கையை நீட்டினார். சுகந்தி போகவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு முன் நிற்பதுபோலக் கையைக் கட்டி, கண்ணை மூடி நின்றார். உதடு அசைந்தது. பிறகு சத்தமாக வந்தது.

வந்தது என்றால், மடை உடைத்த மாதிரி வந்தது. எழுதச் சொன்னதை வாயால் சொன்னார். புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை, ஒரே மூச்சு. பதிகம் பாடுகிற இழுவையில் பிரெஞ்சைக் கேட்டது வாழ்க்கையில் எனக்கு அதுதான் முதல்தடவை. நடுவில் ஷேர்புரூக் மாமி வந்தார். இம்முறை கடை உணவு சாப்பிட்டுச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மதாம் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த அறையிலிருந்து தர்சினியின் தாள் வந்தது. அதிலும் மாமி ஆஸ்பத்திரியில்தான்.

"மற்றப் பத்துக் கட்டுரையிலும் இந்த அம்மா இருக்கிறாரா?" என்று மதாம் கேட்டார்.

"ஓம், மதாம்" என்றார் சுகந்தி. "புகைக்கும் பழக்கம் கூடாது என்கிறதிலும் அவர்தான்."

"பாவம், கொடிய வாழ்க்கை" என்றார் மதாம். நான் சிரிப்பை அடக்கினேன். சுகந்தி சிரிக்கவில்லை. அவருக்குத் தீர்ப்பு இன்னும் வரவில்லையே.

மதாம் தாள்களை அடுக்கினார். "பார்த்து எழுதவில்லை. அதை நான் எழுதிவிடுகிறேன். உங்கள் பெயரில் ஒரு குற்றமும் இராது." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஆனால் மதிப்பெண்ணை அப்படியே விடலாம் என்று முன்பு நினைத்தேன், இதைக் கேட்ட பிறகு முடியாது. இது எழுதுவதல்ல. இதில் உங்களுடைய வசனம் ஒன்றும் இல்லை. ஒருவரின் உடம்பைத் தூக்கி இருத்துகிறவர், எங்கே நோகிறது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். அதற்கு மாமி உதவமாட்டார். அன்றைய தாள் இரண்டு பேருக்கும் செல்லாது. வியாழக்கிழமை புதுத் தலைப்பில் எழுதுங்கள். திருத்துபவரை நான் வெள்ளிக்கிழமை காலையே வரச் சொல்கிறேன்."

பயிற்சிக்குப் பத்திரம் கொடுக்கக் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி.

படிக்கட்டில் சுகந்தி கேட்டார். "இரண்டு நாளிலை நான் என்னத்தைப் படிக்கிறது?"

ஊழியனாக இருந்துகொண்டு பரீட்சார்த்திக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. "எனக்குச் சொல்லேலாது பிள்ளை" என்றேன்.

"சொல்ல வேண்டாத இடத்திலை சொல்லுவியள். சொல்ல வேண்டிய இடத்திலை வாயை மூடுவியள். நல்லாயிருக்கு அண்ணை உங்கடை நியாயம்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் இறங்கிப் போனார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். மூன்று மாதம் மண்டபத்துக்குள் போகக் கூடாது, களஞ்சிய அறையில் தாள் எண்ணி அடுக்க வேண்டும். நியாயமான தண்டனை. கடிதத்தைத் தரும்போது மதாம் ஒன்று சொன்னார். "இடம் மாற்றினால் பதியச் சொல்வது பிறகு விசாரிப்பதற்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்கள் எழுதப் போயிருந்தால் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்த்திருந்தால் சிவப்புப் புள்ளியைக் கண்டிருப்பீர்கள். கண்டிருந்தால் அவரை அங்கே இருத்தியிருக்கவே மாட்டீர்கள்." கையேட்டில் பல தரம் வாசித்த வரிதான். அதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆளை எழுப்புவதற்கு முதல் பேனையை எடுங்கள், பிள்ளைகளே. குளிரில் இரண்டு நிமிடம் கூட இருந்தால் ஒருவரும் செத்துப்போவதில்லை. வேண்டுமானால் உங்கள் மேற்சட்டையைக் கழற்றிக் கொடுங்கள்.

வியாழக்கிழமை களஞ்சிய அறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தாள் எண்ணினேன். நூறு எண்ணுவதற்குள் மூன்று தரம் பிழைத்தது. பரீட்சை முடிய இன்னும் அரைமணி நேரம் இருக்கும்போதே சுகந்தி வெளியே வந்துவிட்டார். எழுத முடியாமல் எழும்பிவிட்டார் என்று எண்ணித் தாள்கட்டைப் போட்டுவிட்டுக் கதவடிக்கு வந்தேன்.

"என்ன பிள்ளை?"

"முடிச்சிட்டன்." முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "நாயளுக்குத் தனிப் பூங்கா வேணுமோ எண்டு கேட்டிருந்தினம்."

"என்ன எழுதினனீ?"

"எனக்கு நாயெண்டால் பயம். சின்னனிலை கடிச்சது. பஸ்ஸாலை இறங்கி வேலைக்கு நடக்கேக்கை ரெண்டு வீட்டு நாய் குலைக்கும், நான் மற்றப் பக்கத்தாலை சுத்திப் போறனான். அதாலை வேலி அடிச்சு ஓரிடத்திலை விடுறது நாயளுக்கும் நல்லம், எனக்கும் நல்லம் எண்டு எழுதினன். வேறை ஒண்டும் வரேல்லை." ஒரு பெருமூச்சு விட்டார். "ஒரு பக்கமும் கொஞ்சமும்தான். ஆனால் கேட்டால் சொல்லுவன், என்ன எழுதினனான் எண்டு."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்குத் திருத்துபவர் வந்தார். பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. சுகந்தி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலிருந்தே நடைவழி மரவாங்கில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்னத் திருநீற்றுப் பொட்டலம், பிரிக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. தர்சினி பக்கத்தில் இருந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் களஞ்சிய அறைக்குள் நின்று சண்முகா, சண்முகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டே கால் ஆயிற்று.

மதாம் தானே கையில் இரண்டு பத்திரங்களோடு வந்தார். தர்சினிக்கு நல்ல மதிப்பெண். சுகந்திக்கு, தேறுவதற்கு வேண்டியதற்கு மேல் ஒன்றே ஒன்று. "வரிக்கு வரி பிழை" என்றார் மதாம். "ஆனால் அந்த நாய்களுக்கு நானும் பயந்தேன். போங்கள், நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்."

சுகந்தி பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழும்பி ஓடத் தொடங்கினார். கதவடியில் நான் நின்றேன். ஓட்டத்தை நிறுத்தாமலே திரும்பிச் சொன்னார்.

"அண்ணை, உங்களிலை எனக்குச் சரியான கோவம் இருக்கு. அதைப் பேந்து வந்து ஆறுதலாய்ச் சொல்லுறன். இப்ப பஸ் போயிடும்!"

கதவைத் திறந்து பிடித்தேன். போய்விட்டார்.

சுகந்தி அதே இல்லத்தில் பராமரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை கோயிலில் கண்டேன். வேலை உடுப்புக்கு மேல் சால்வையைப் போட்டுக்கொண்டு, பூசை முடிவதற்குள் புறப்பட்டுக்கொண்டிருந்தார். செருப்பு மாட்டும் இடத்தில் நான் கேட்டேன், "என்ன பிள்ளை, எனக்குச் சொல்ல ஏதோ இருந்ததே?"

"அந்தக் கோவம் அப்பிடியே கிடக்கு அண்ணை" என்றார், குனிந்து செருப்பின் குதிவாரை இழுத்துவிட்டபடி. "நான் போய்த் தூக்கி இருத்தாட்டி அங்கை ஒரு மனிசி சாப்பிடமாட்டுது. அதாலைதான் நேரம் கிடைக்குதில்லை."